காலி சீட்டுக்கு ஒரு பெல்ட்

பின்சீட்டின் வலது பக்கத்தில் யாருமே இல்லை. ஆனாலும் அந்த சீட்டுக்கு பெல்ட் போடச் சொல்லி, புது எலெக்ட்ரிக் கார் பீப், பீப் என்று கத்திக்கொண்டே வந்தது.

"செருப்பு வாங்கவே நாலு கடை ஏறி, போட்டு நடந்து பாக்கறீங்க. காரை மட்டும் ஓட்டிப் பாக்காம, படுத்துக்கிட்டே போன்ல அமுக்கி வாங்கியாச்சு!" பின்சீட்டின் இடது மூலையிலிருந்து மனைவி ஆரம்பித்தாள். முழங்கால் வலிக்காரி, காலை நீட்ட வசதியென்று பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"சென்சார் கோளாறு, மகாராணி. ஒரு நிமிஷம்" என்றான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த கணவன்.

யாரோ வாங்கி, பதினோரு கிலோமீட்டர் மட்டும் ஓட்டிவிட்டுத் திருப்பி அனுப்பியதால் மலிவாகக் கிடைத்த வண்டி. ஏன் என்று அவன் கேட்கவில்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். அலாரம் அடித்தால் முதலில் ஆளை இறக்கு, அப்புறம் ஒயரைத் தொடு என்று இருபது வருடமாக மற்றவர்களை அதட்டுகிறவன். இன்று வண்டியை ஓரங்கட்டி, காலி சீட்டின் குறுக்கே பெல்ட்டை இழுத்துச் சொருகினான். டக். சத்தம் அடங்கியது. சீட்டில் கை பட்டபோது கதகதப்பாக இருந்தது. வெயில்தான் என்று நினைத்துக்கொண்டான்.

மறுபடி கிளம்பியதும், இன்ஜின் உறுமல் இல்லாத அந்த வழவழப்பான அமைதியில், டயர் சாலையை நக்கும் ஓசைக்கும் புது பிளாஸ்டிக் வாசனைக்கும் அடியில், ஈர இரும்பு நாற்றத்தோடு வேறெதுவோ மெல்ல ஏறி இறங்குவது கேட்டது.

"என்னங்க, யாரோ மூச்சு விடற மாதிரி இல்ல?"

"ஏசிதான்டி."

ஏசியை அணைத்தான். மூச்சு நிற்கவில்லை.

பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தான். காலி சீட்டின் பெல்ட், சீட்டில் படியாமல் ஒரு சாண் தள்ளி வளைந்து நின்றது. விம்மியது. தாழ்ந்தது.

டக்.

கொக்கி தானாகக் கழன்றது. அவன் அலாரத்துக்காகக் காத்திருந்தான். அடிக்கவில்லை. சீட்டில் ஆள் இருந்தால்தான் அது அடிக்கும்.

இப்போது அங்கே ஆள் இல்லை.

கிர்.

"என்னங்க... என் பெல்ட் இறுக்குது."

கிர். கிர்.

பிரேக்கை மிதித்தான். கதவு திறக்கவில்லை. அவனுடைய பெல்ட்டும் கழலவில்லை. மனைவியின் பெல்ட் தோளிலிருந்து கழுத்துக்கு ஏறியிருந்தது. அவள் நகங்கள் கதவுக் கண்ணாடியைக் கீறின. ஒரு நகம் பெயர்ந்து அதிலேயே ஒட்டிக்கொண்டது. அவன் கருவிப் பையிலிருந்து கத்தியை உருவி, உடம்பை முறுக்கிப் பின்னால் எட்டி அறுத்தான். அறுபடவில்லை. கத்தி வழுக்கியது. அவன் விரல். அவள் தாடை. யார் ரத்தமென்று தெரியவில்லை.

"விடுடா! அவளை விடு!"

கிர்.

எலும்பு முறியும் சத்தம். அவள் கைகள் மடியில் விழுந்தன.

அமைதி.

அவனுக்குப் பக்கத்து முன்சீட்டின் மெத்தை மெதுவாக அமுங்கியது.

பீப். பீப்.

அவன் நெஞ்சின் மேல், பெல்ட் ஒரு பிடி இறுகியது.

கிர்.