மூன்றாவது சிவப்பு ஒயர்

சுவிட்ச் ஆஃபில் இருந்தது. ஆனாலும் படகின் முன்தட்டுக்கு அடியில் அந்தச் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ரெனிஷ் பேட்டரி சுவிட்சின் கைப்பிடியை மறுபடியும் திருகிப் பார்த்தான். அதில் நாலே நாலு நிலைகள்தான்: ஆஃப், ஒன்று, இரண்டு, அப்புறம் இரு பேட்டரிகளையும் ஒன்றாகச் சேர்த்துவிடும் 'போத்'. லாரிகளுக்கு ஒயரிங் செய்தே பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு இது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆஃப் என்றால் எல்லாம் அணைய வேண்டும். இந்த விளக்கோ, வாத்தியார் அதட்டியும் சிரிப்பை அடக்க முடியாத பையன் மாதிரி மினுக்கிக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மண்ணூர்பேட்டையில் கம்பெனிகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. ஃபைபர் படகு செய்யும் அந்தத் தகர ஷெட்டில் அவனையும் கூட வேலை செய்யும் கோபியையும் தவிர ஆளில்லை. மேனாம்பேட்டில் ரெனிஷ் குடியிருக்கும் தெருவில் இடுப்பளவு மழைத் தண்ணீர். கதவைச் சாத்தி இடுக்கெல்லாம் துணி திணித்தும் வீட்டுக்குள் கணுக்கால் வரை வந்துவிட்டது என்று அவன் மனைவி ஹில்டா போனில் அழுதாள். அவளும் குழந்தை ஸ்டெஃபியும் கட்டில் மேல் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் படகைச் சரிசெய்து டெம்போவில் ஏற்றிவிட்டால், முதலில் அவர்களைத்தான் போய்க் கூட்டி வர வேண்டும். ஆனால் அந்த விளக்கு பேட்டரியை உறிஞ்சிவிட்டால் நடுத்தண்ணீரில் மோட்டார் ஸ்டார்ட் ஆகாது.

"இந்தப் போட்டு போன மழையில கவுந்துச்சாமே, தெரியுமா மச்சான்?" என்றான் கோபி. "ஒருத்தன் அடியில மாட்டிகினு உள்ளேருந்து தட்டிக்கினே இருந்தானாம். நாலு பேரு புடிச்சி நிமித்திப் பாத்தா, ஆளே இல்ல."

"வாய மூடிகினு டார்ச்சப் புடி."

சுவிட்சின் பின்பக்கத்தைக் கழற்றியதும் கோளாறு தெரிந்தது. இரண்டு பேட்டரிகளிலிருந்தும் வரும் சிவப்பு ஒயர்கள் அவன் போட்டவை. மூன்றாவதாக இன்னொரு சிவப்பு ஒயர் இருந்தது. அதை அவன் போடவில்லை. தொட்டால் ஜில்லென்று நசநசத்தது. முன்தட்டின் அடியில் இருக்கும் இருட்டறைக்குள் அது நீண்டு போனது. கோபியைச் சுவிட்சருகே தரையில் நிறுத்திவிட்டு, ஒயரில் கரண்ட் இருந்தால் எரியும் டெஸ்ட் லேம்ப்பை வாயில் கவ்விக்கொண்டு, தோளை ஒருக்களித்து அந்த அறையின் சின்னத் துவாரத்துக்குள் நுழைந்தான்.

உள்ளே ஃபைபர் பசையின் காரமான நெடியும், அதற்கு அடியில் வடிந்து காய்ந்த சேற்றின் வாடையும் மூக்கை அடைத்தன. மேலே தகரத்தில் மழை கொட்டும் ஓசை இங்கே எங்கோ தூரத்தில் யாரோ அரிசி புடைப்பதைப் போலத்தான் கேட்டது. முதுகு மேல்தட்டில் உரச, முழங்கையை ஊன்றி ஊன்றி, ஒயரைத் தடவிக்கொண்டே முன்னேறினான். இவ்வளவு சின்னப் படகுக்கு இந்த அறை கொஞ்சம் அதிகமாகவே நீண்டது. கோணல் படுக்கையில் அப்படித்தான் தோன்றும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். டெஸ்ட் லேம்ப்பை வாயிலிருந்து எடுத்து ஒயரில் வைத்தான்.

"கோபி, ஒண்ணுல வை!"

"ஒண்ணுல வெச்சிட்டேன்."

டெஸ்ட் லேம்ப் எரிந்தது.

"ரெண்டு!"

"ரெண்டு."

எரிந்தது.

"இப்ப போத்ல வை!"

பதில் கொஞ்சம் தாமதமாக வந்தது. "போட்லதான் கீறேன்."

ரெனிஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போட்டு இல்லடா செவிடா, போத்து!"

சிரிப்பு பாதியில் நின்றது. கோபி கனத்த ஆள். அவன் படகில் ஏறினால் அடியிலிருக்கும் டிராலி முனகும். அது முனகவில்லை. குரலும் கால்பக்கமிருந்து வரவில்லை. தலைக்கு முன்னால் இருட்டிலிருந்து வந்தது.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. உடம்பை முறுக்கி எடுத்தான். கோபி.

"மச்சான், டீக்கடையில மாட்டிகினேன். ரோடு பூரா தண்ணி. நீ உள்ள பூந்த ஒடனே சொல்லிட்டுத்தான வந்தேன், கேக்கலியா? சுவிட்சு ஆஃப்லதான் கீது."

ரெனிஷ் போனைக் காதோடு அழுத்தினான். "நீ... இங்க இல்லியா?"

"இன்னாடா கேக்குற? இரு, இரு. பக்கத்துல யாரு?"

"யாரும் இல்ல. ஏன்?"

"என் கொரல்ல யாரோ பேசிகினு கீறாங்கடா."

லைன் அறுந்தது.

ஒயரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வெளியே போனால் போதும். பின்னோக்கி ஊர்ந்தான். காலை நீட்டித் துழாவினான். அவன் நுழைந்த துவாரம் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஃபைபர். இடுக்கு இல்லை. விளிம்பு இல்லை. குதிகாலால் உதைத்தான். சுவர் கொஞ்சமும் அசையவில்லை.

"மாதாவே," என்று முனகினான். "மாதாவே, என் புள்ளையாண்ட போவணும்."

கையில் இன்னும் ஒயர். உதறினான். ஒட்டிக்கொண்டிருந்தது. பிடுங்கி இழுத்தான்.

மறுமுனையிலிருந்து யாரோ இழுத்தார்கள்.

ஒருமுறை. மெதுவாக.

டெஸ்ட் லேம்ப் அணைந்தது. இருட்டு. சேற்று வாடை. மூச்சு. அவனுடையது அல்ல. நனைந்த உள்ளங்கை ஒன்று அவன் வாயைப் பொத்தியது.

போன் மறுபடி ஒளிர்ந்தது. திரையில் ஹில்டாவின் பெயர்.

அந்த வெளிச்சத்துக்குள் ஒரு விரல் வந்தது. தண்ணீரில் ஊறிய அவல் போல வெளுத்து உப்பிய விரல். நகம் இல்லை. அது பச்சைப் பொத்தானைத் தள்ளியது.

"எங்கங்க இருக்கீங்க? தண்ணி கட்டிலத் தொட்டுடுச்சி. பாப்பா நடுங்குறா."

ரெனிஷ் கத்தினான். சத்தம் அந்த உள்ளங்கைக்குள்ளேயே நின்றது. அவன் காதோரத்தில் அவனுடைய குரலே பேசியது. அதே கரகரப்பு. அதே அவசரம்.

"வந்துகினே கீறேன் ஹில்டா. போட்டோட வரேன்."

"அப்பாடா! சீக்கிரம் வாங்க."

"தெருமொனைக்கு வந்துட்டேன். கதவ மட்டும் தொறந்து வை."

வாயைப் பொத்தியிருந்த கை விலகியது. பக்கத்தில் மூச்சு இல்லை. யாருமே இல்லை. "தொறக்காத! ஹில்டா, தொறக்காத!" என்று தொண்டை கிழியக் கத்தினான். நாலு பக்கமும் அறைந்தான். அவன் கத்துவது அந்தப் பக்கம் யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை.

போனில் தாழ்ப்பாள் விலகும் சத்தம். தண்ணீர் வீட்டுக்குள் பாயும் சத்தம். அதற்கு நடுவே, வாசலில் யாரையோ பார்த்து, ஸ்டெஃபி சந்தோஷமாக "அப்பா!" என்று கூப்பிட்டாள்.