வெறும் பஞ்சு

ஹில்டா கடைசியாகச் செய்த வேலை, ஈர்க்குச்சிகளில் பஞ்சு சுற்றியது. தடயவியல் ஆய்வுக்கூடத்துக்குப் பஞ்சுக்குச்சி வந்து மூன்று மாதமாகிறது என்று அங்கே வேலை பார்க்கும் அவள் கணவன் ஜெபராஜ் அலுத்துக்கொண்டிருந்தான். அதனால் பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புமுன் நாற்பது குச்சிகளை பிஸ்கட் டப்பாவில் அடுக்கிக் கொடுத்தாள். அவளுக்கு இடதுகைப் பழக்கம்; பஞ்செல்லாம் இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது.

"எல்லாம் தலைகீழா சுத்திருக்கே?"

"ஏன், உங்க கெமிஸ்ட்ரி கோச்சுக்குமா?"

"பஞ்சு பேசாம இருக்கணும். உன்னை மாதிரி, கேக்குறதுக்கு முன்னாடியே பதில் சொல்லக் கூடாது."

சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

அரை மணி நேரம் கழித்து, பல்லாவரம் குவாரிச் சாலையில் அவள் நடந்துகொண்டிருந்தபோது ஒரு தகரக் கொட்டகை வெடித்துச் சிதறியது.

கொட்டகையில் மண்ணெண்ணெய் பீப்பாய் தவிர வேறெதுவும் இல்லை என்றார் குவாரி முதலாளி ஏகநாதன். பாறைக்கு வைக்கும் வெடிமருந்தை அவர் சாலையோரம் வைத்திருந்தார் என்பதற்கு மிஞ்சிய சாட்சி, ஹில்டாவின் கருகிய செருப்பு வார். அது சீல் வைத்த உறையில் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது.

"நியாயமா நீ இதைத் தொடவே கூடாதுப்பா," என்றார் மேலதிகாரி ராஜகோபால். "ரெண்டு பேர் லீவு. செய். நான் கையெழுத்துப் போடறேன்."

ஹில்டா கொடுத்த டப்பாவிலிருந்தே குச்சிகளை எடுத்தான். எதையும் தொடாத வெறும் பஞ்சைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அசிட்டோனில் நனைத்துக் கரைசலைச் சொட்டினால் அது வெள்ளையாகவே இருக்க வேண்டும். அப்புறம்தான் வாரைத் தொட்ட பஞ்சு. அது சிவந்தால் வெடிமருந்து. வெறும் பஞ்சே சிவந்துவிட்டால் அன்றைய சோதனை செல்லாது.

வெறும் பஞ்சு சிவந்தது.

வாரைத் தொட்ட பஞ்சும் சிவந்தது. ஆனால் பயனில்லை. கையைச் சோடா உப்புப் போட்டுக் கழுவினான், கண்ணாடிக் குப்பிகளைக் கொதிக்க வைத்தான், புதிய கரைசல் கலந்தான், ஜன்னலைச் சாத்தி மின்விசிறியை நிறுத்திவிட்டு, அசிட்டோனின் இனிப்பு நெடி தொண்டையில் கரகரக்க, வியர்வை மேஜையில் சொட்டாமல் தலையைச் சாய்த்து வைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான். சிவப்பு. மறுநாளும் சிவப்பு.

"என்னய்யா, ஹோலி கொண்டாடுறியா?" என்று எட்டிப் பார்த்த ராஜகோபால், அவன் முகத்தைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார். "வார்ல இன்னும் ஒரு தடவைக்குத்தான் வரும், ஜெபராஜ்."

டப்பா காலியானது. காலி டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தான். ஆஸ்பத்திரிப் பஞ்சு ஒரு கட்டு வாங்கிவந்து, மறுநாள் தானே, தன் வலது கையால் குச்சிகளில் சுற்றினான். சோதிக்க ஒன்றை எடுத்தபோது விரல்கள் நின்றன.

பஞ்சு இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது.

பிரித்து மறுபடி சுற்றினான். வலப்பக்கம். கண்ணெதிரே. கீழே வைத்தான். எடுத்தான்.

இடப்பக்கம்.

அறையில் அசிட்டோன் நெடியோடு இன்னொரு வாசனை. சாக்பீஸ் தூள். அவள் சேலைத் தலைப்பில் எப்போதும் இருப்பது. அவனுக்குப் புரிந்தது. பயத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது.

"உன்னாலதான் கேஸ் கெட்டுப்போகுது, ஹில்டா," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "தெரியும், சொல்ல வர்றே. ஆனா இப்படிச் சொன்னா ஒருத்தனும் ஏத்துக்க மாட்டான். தயவுசெஞ்சு பேசாம இரு."

வாசனை போய்விட்டது.

வெறும் பஞ்சில் சொட்டினான். வெள்ளை. கண்ணீரோடு சிரித்தான். வாரைத் துடைத்த பஞ்சில் சொட்டினான்.

வெள்ளை.

ஒரு நிமிடம். ஐந்து நிமிடம். அரை மணி நேரம்.

வெள்ளை.

எப்போது பேசலாம் என்று அவன் சொல்லவேயில்லை.

'வெடிமருந்து காணப்படவில்லை' என்று தட்டச்சான அறிக்கையில் ராஜகோபால் கையெழுத்திட்டார். ஏகநாதன் அதே வாரம் குவாரியைத் திறந்தார்.

அறிக்கை போன அன்று சாயங்காலம் ஜெபராஜ் தாம்பரத்தில் ரயிலிறங்கி வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தான். சாக்பீஸ் வாசனை. அலமாரியில் பிஸ்கட் டப்பா. எடுத்தான். கனத்தது.

மூடியைத் திறந்தான்.

இடப்பக்கமாகச் சுற்றிய பஞ்சுகள். ஒவ்வொன்றின் நுனியும் சிவப்பு. ஈரம்.

அடுப்பில் போட்டு எரித்தான். காலையில் திறந்தான். முடிச்சூர் ஏரியில் கொட்டினான். வந்து திறந்தான்.

அது அறுபத்தொன்பதாம் வருடம். இன்றைக்கும் எண்ணினால் நாற்பது.