சக்கை

தம்பி வீட்டுக் கதவு பூட்டியிருக்கவில்லை. அதுவே அக்காவுக்குச் சரியாகப் படவில்லை. செருப்பைக் கழற்றுவதற்குள் நாற்றம் முகத்தில் அறைந்தது: ஊறிப்போன மரப்பட்டை, பெயின்ட் கடை வாடை, அதற்கடியில் பல நாள் கழற்றாத சாக்ஸ் மாதிரி புளித்த ஏதோ ஒன்று. ஜன்னல் முழுக்கச் செய்தித்தாள் ஒட்டியிருந்ததில், பகல் மூன்று மணிக்கே வீடு மஞ்சள் பூத்துக் கிடந்தது.

"டேய் வாலு!"

"பாத்ரூம்ல இருக்கேன்க்கா. ஒரு நிமிஷம்."

அப்பாடா, உயிரோடு இருக்கிறான். ஆறு நாளாகப் போனை எடுக்காமல் அம்மாவைச் சோறு தண்ணி இல்லாமல் உட்கார வைத்த புண்ணியவான். அவனைக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவேன் என்று அம்மா கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு அவள் பஸ் ஏறியிருந்தாள்.

போன மாதமே பீற்றிக்கொண்டான். ஏதோ செடியின் பட்டையாம், தபாலில் வரவழைத்தானாம், மனசைத் திறக்கிற சரக்கை அதிலிருந்து தானே பிரித்தெடுக்கப் போகிறானாம். "சாறு மட்டும் போதும்க்கா, மத்ததெல்லாம் சக்கை." நாலு வீடியோ பார்த்து விஞ்ஞானி ஆன மூஞ்சி!

சமையலறைக்குள் நுழைந்தாள். தரையெல்லாம் பிசுபிசுப்பு. காபி வடிகட்டியில் கருத்த நார். அம்மா கொடுத்தனுப்பிய பால் பாத்திரம் அணைந்த அடுப்பின்மேல் இருந்தது, உள்ளே பழுப்பாக ஏதோ நிறைந்து, மேலே பாலாடை மாதிரி ஒரு படலம். கருமம். அழுக்குப் பாத்திரத்தைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. கரண்டியால் படலத்தை வழித்து எறிந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று படிந்தது, முந்தியதைவிடத் தடிமனாக.

"அதக் கீழ ஊத்திடாதக்கா," குரல் நிதானமாக வந்தது. "நான் இன்னும் முழுசா எறங்கல."

"என்னத்தக் குடிச்சுத் தொலைச்ச? வெளிய வாடா, அம்மா அழுதுட்டிருக்காங்க."

குழாய் சொட்டும் சத்தம் மட்டும்.

குனிந்து பார்த்தாள். படலத்தில் பொடிப் பொடியாகத் துளைகள். தோலில் இருக்குமே, அந்த மாதிரி. துளைக்கொன்றாக மெல்லிய முடி. படலம் மெல்ல ஏறி இறங்கியது, தூங்குகிறவன் வயிறு மாதிரி. ச்சீ! யோசிக்கவில்லை. பாத்திரத்தைத் தூக்கி சிங்க்கில் கவிழ்த்தாள்.

தண்ணீர் இறங்கியது. படலம் இறங்கவில்லை. ஓட்டையின் வாயில் சுருண்டு அடைத்துக்கொண்டது. வெதுவெதுப்பாக இருந்தது. விரலால் குத்தித் தள்ளினாள். வழுக்கியது. மறுபடியும் தள்ளினாள், கிழிந்து துண்டு துண்டாக இறங்கியது.

கடைசித் துண்டில் ஒரு புருவம். நடுவில் வெட்டு.

அவனுக்கு ஏழு வயதில் அவள் எறிந்த கரண்டி பட்ட வெட்டு.

"வாலு?"

பாத்ரூம் கதவு லேசாகத் திறந்திருந்தது. ஓடினாள். தள்ளினாள். உள்ளே யாரும் இல்லை. தரையில் அவன் சட்டை. சட்டைக்குள் ஏதோ இருந்தது. நார் நாராக. காய்ந்து. பிழிந்து போட்டது மாதிரி. கைப்பக்கம் ஐந்து நகங்கள்.

பையில் போன் அடித்தது. திரையில் 'அம்மா'.

சமையலறையிலிருந்து களக் என்று ஒரு சத்தம். குழாய்க்குள் எங்கேயோ ஆழத்தில்.

"போனை இங்க கொண்டாக்கா. அம்மாகிட்ட நான் பேசுறேன்."

அவள் விரல் நுனியில் புருவ முடி ஒட்டியிருந்தது. உதறினாள். போகவில்லை. அது மெல்ல உயர்ந்தது, அவன் எதையாவது கேட்கும்போது உயருமே, அப்படி.