செவிவாயில்

ஐம்பத்தொரு டிகிரி வெயிலில் சங்கரலிங்கத்துக்குப் பற்கள் தந்தியடித்தன.

கழுத்துவரை மூன்று கம்பளி. மடியில் இரண்டு வெந்நீர்ப் பை. கூரையைக் கழற்றிப் போட்ட மணல்வண்டியின் பின்சீட்டில், தார் பாலைவனத்துச் சூரியன் நேரே முகத்தில் அடிக்கும்படி அவனைச் சாய்த்து வைத்திருந்தாள் தங்கை பூங்கோதை. நாவல்பழம் தின்றவன் உதடு போல அவன் உதடு நீலம் பாய்ந்திருந்தது. மணிக்கட்டில் கட்டியிருந்த வெப்பமானி முப்பத்தொன்று காட்டியது. உடம்புச் சூடு! காலையில் முப்பத்திரண்டு இருந்தது.

"அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் மிதிங்க!"

"இதுக்கு மேல மிதிச்சா கால் தரையில போய் நிக்கும் தாயி," என்றார் வண்டியோட்டி மாயழகு. மதுரைப் பக்கத்துக்காரர். கொதிக்கும் இரும்புச் சக்கரத்தை வெறுங்கையால் பிடித்திருந்தார். நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. "சூரியன் எறங்குறதுக்குள்ள ஆறாம் நகரத்துக்குப் போயிரணும். அஸ்தமிச்சா மணல் சட்டுனு குளிர்ந்துரும். இவரு இருக்கிற இருப்புக்குத் தாங்க மாட்டாரு."

மணி ஐந்தேகால்.

அறுநகர் என்ற இந்தப் பாலைவனச் சுற்றுலா ஊருக்குள் நுழைவது முதல் நகரத்தில். வெளியேறுவது ஆறாவதில். இடையில் நாற்பது கிலோமீட்டர். வந்தவர்கள் ஆறு நகரத்துக் கடைகளையும் பார்க்காமல் போய்விடக் கூடாதே என்று நிர்வாகம் செய்த ஏற்பாடு. இரண்டாம் நகரத்தின் மணல் சறுக்குகளில் குடும்பம் குடும்பமாக வழுக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நகரத்தில் திறந்த வெளியில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார்கள். ஒரு குடை கிடையாது. ஒரு குளிர்சாதனம் கிடையாது. ஒரு புதுமணத் தம்பதி, பட்டும் மாலையுமாகப் பழுத்த பாறையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டது.

எல்லாம் தண்துகளின் மகிமை. நுழைவாயிலில் ஓர் ஊசி. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துகள்கள் ரத்தத்தில் கலந்து, உடம்பின் வெப்பத்தை அள்ளி அள்ளித் தோல் வழியாக வெளியே எறியும். ஐம்பது டிகிரி வெயில் மார்கழிக் காலை போல இருக்கும். பாலைவனம் சுற்றுலாத் தலமானது அப்படித்தான்.

பூங்கோதை ஊசி போட்டுக்கொள்ளவில்லை. உடம்பைக் குளிர்விக்கும் வாடகை ஆடைக்குள்ளும் வெந்துகொண்டிருந்தாள்.

"எத்தன நாள் ஆச்சு இவரு ஊருக்குப் போயி?" என்றார் மாயழகு.

"பத்தொம்பது நாள். மொதல்ல நல்லாத்தான் இருந்தாரு. பதினாறாம் நாள் கடையில உக்காந்திருக்கையில குளிருதுன்னாரு. விருதுநகர்ல, சித்திரை மாசத்துல! எல்லாரும் சிரிச்சாங்க. டாக்டரு ஆளு பயந்திருக்காருன்னு விபூதி போடச் சொன்னாரு."

"பதினஞ்சு நாள் கணக்கு. சரியாத்தான் முழிச்சிருக்கு."

அதுதான் விஷயம். விடைபெற்றுப் போகிறவர்களுக்கு வெளிவாயிலில் நாற்பது நொடி அணைப்பொலி ஒன்று அடிக்கும். காதுக்குக் கேட்காது. துகள்கள் அத்தனையும் செத்துவிடும். ஆனால் திரும்பி வரப்போகிறவர்களை எதற்கு மறுபடி ஊசியால் குத்துவது என்று நிர்வாகம் கருணை காட்டியது. அவர்களுடைய துகள்களைப் பதினைந்து நாள் தூங்க மட்டும் வைக்கும். அதற்குள் வராவிட்டால் துகள்கள் தாமாக விழித்துக்கொண்டு, இன்னும் பாலைவனத்தில் இருப்பதாக நினைத்து வேலையைத் தொடங்கும்.

வருகிறவரா, போகிறவரா? அதை வாயில் கேட்டுத் தெரிந்துகொள்ளும். படிவம் கிடையாது, பொத்தான் கிடையாது. அவரவர் பாஷையில் அவரவர் வாயால் சொன்னால் போதும். கடைசியாகக் காதில் விழுந்த சொல்லை அது நம்பும். அதனால்தான் செவிவாயில் என்று பெயர்.

"மத்தவங்க 'கிளம்புறேன்'னுட்டுப் போயிர்றாங்க," என்றார் மாயழகு. "நம்ம ஆளுக? 'போயிட்டு வாரேன்'. வாயிலுக்கு என்னா தெரியும்? வாரேன்னுட்டானே, வருவான்னு தூங்க வச்சு அனுப்பிருது. எந்தப் புண்ணியவான் அதுக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தானோ, கையில கெடச்சான்னா..."

பூங்கோதை அண்ணன் மேல் நழுவிய கம்பளியை இழுத்துவிட்டாள். ஏற்கெனவே சரியாக இருந்ததை மறுபடி இழுத்துவிட்டாள்.

"நீங்க எப்படி அண்ணாச்சி இங்கயே தங்கிட்டீங்க?"

"தங்கினேனா! நானும் டிக்கெட் வாங்கிக்கிட்டு வந்தவன்தான். நடுங்கிக்கிட்டே திரும்பி வந்து, சரியாச் சொல்லி, ஒலியும் அடிச்சுச்சு. நாற்பது நொடி வாயப் பொத்திக்கிட்டு நிக்கணும். நின்னேன். முப்பதாவது நொடியில ஒளறிட்டேன். அவ்வளவுதான், ஒலி நின்னுபோச்சு. பாதி ஒலி கேட்டுப் பொழச்ச துகளு அப்புறம் செவிடு. எத்தன தடவ அடிச்சாலும் சாகாது. இனிமே இந்த வெயில்ல மட்டும்தான் நான் மனுசன். ராத்திரிக்கு அடுப்பறையில படுக்க." அவர் சிரித்தார். "இங்க சமைக்கிறவன், பெருக்குறவன், வண்டி ஓட்டுறவன் முக்காவாசிப் பேரு விருந்தாளியா வந்தவங்கதான் தாயி."

ஐந்தாம் நகரத்து எல்லையில் பெரிய பலகை: 'எங்களிடம் வந்தவர்கள் திரும்பி வராமல் இருந்ததில்லை.'

"அடேயப்பா, டிக்கெட் வெல என்னாங்கிற! இவருக்கு எப்படிக் கட்டுச்சு?"

"நான் குடுத்தது," என்றாள் பூங்கோதை. "முன்னாடி ஒரு வேலை செஞ்சேன். அந்த எடத்துல இனாமாத் தந்தாங்க."

"என்னா வேல?"

அவள் அண்ணன் மடியிலிருந்த வெந்நீர்ப் பையைத் திருப்பி வைத்தாள். சங்கரலிங்கம் அப்போதுதான் கண் திறந்தான்.

"கோதை... உங்கிட்டதான சொன்னேன்... வாரேன்னு."

"எங்கிட்ட எப்ப சொன்ன? நான் விருதுநகர்ல இருந்தேன். குளிர்ல பேசுற. இங்க பாரு, வாயில் கேட்டா என்ன சொல்லணும்?"

"சொல்லவா... நாக்கு கூசுதே."

"கூசினாலும் சொல்லணும். 'நான் போறேன், வரமாட்டேன்.' எங்க, சொல்லு."

"அப்படிச் சொல்லிட்டு எவன் வீட்டவிட்டுப் போவான்? பொணம்தான் வாரேன்னு சொல்லாமப் போகும்."

"அண்ணே, மதினி வாசல்லயே உக்காந்திருக்கு. சின்னதுக்குப் பேர் வைக்கக்கூட நீ வரணும்னு காத்திருக்காங்க. சொல்லு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். சுண்டுவிரல் அளவு குரலில் சொன்னான்: "போறேன். வரமாட்டேன்."

ஆறாம் நகரத்தில் நுழைந்தபோது சூரியன் மணல்மேட்டில் உட்கார்ந்திருந்தது. வெப்பமானி முப்பது. இருவரும் ஆளுக்கொரு தோள் கொடுத்து அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வெளிவாயில் என்பது வெள்ளைக் கல்லில் ஒரு வளைவு, அவ்வளவே. தூணை ஒட்டித் தரையில் ஒரு பித்தளை வட்டம். அதில் ஒருவர் மட்டும் நிற்க வேண்டும். முகம் மூடியிருந்தால் ஒலி அடிக்காது. கம்பளியைக் கழுத்துவரை இறக்கி, தூணில் சாய்த்து நிறுத்திவிட்டுப் பின்னால் விலகி நின்றார்கள்.

"சொல்லிட்டு வாயத் தொறக்காத," என்றாள் பூங்கோதை. "இடி விழுந்தாலும் தொறக்காத. நாற்பது எண்ணு."

வளைவு பேசியது. கம்பீரமான ஆண் குரல். "வணக்கம். தாங்கள் விடைபெறுகிறீர்களா?"

அந்தக் குரலைக் கேட்டதும் பூங்கோதைக்கு உயிர் வந்தது. மாற்றிவிட்டார்கள். நாலு கடிதம் எழுதியது வீண் போகவில்லை. மாற்றிவிட்டோம் என்று அவர்கள் பதில் போட்டது பொய்யில்லை. அவள் சத்தமாக மூச்சு விட்டாள்.

"நான்... போறேன்," என்றான் சங்கரலிங்கம். "வரமாட்டேன்."

பித்தளை வட்டம் பச்சையாக ஒளிர்ந்தது. வளைவில் எண்கள் ஓடத் தொடங்கின. ஒன்று. இரண்டு. மூன்று.

பத்தில் அவன் முழங்கால் ஆடியது. பதினெட்டில் நின்றது. இருபத்திரண்டில் கன்னத்தில் ரத்தம் ஏறுவது பூங்கோதைக்குத் தெரிந்தது. இருபத்தைந்தில், நாலு நாளில் முதல் தடவையாக, அவன் நெற்றியில் ஒரு துளி வியர்வை அரும்பியது. மாயழகு அதைப் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார். சங்கரலிங்கம் உதட்டை இறுகக் கடித்துக்கொண்டு, கண்ணால் தங்கையிடம் சிரித்தான்.

முப்பது.

"போயிட்டு வாங்கண்ணே."

இளம் பெண் குரல். வீட்டு வாசலில் நின்று வழியனுப்புகிற குரல். அத்தனை பிரியம்.

"சரி தாயி, வாரேன்," என்றான் சங்கரலிங்கம்.

பச்சை அணைந்தது. எண் முப்பதிலேயே நின்றது. "நல்லது. தங்கள் வருகைக்குக் காத்திருக்கிறோம்," என்றது ஆண் குரல்.

அவன் தங்கையைப் பார்த்தான். தான் என்ன செய்தான் என்று அவனுக்கு இன்னும் புரியவில்லை. நெற்றி வியர்வை மட்டும் காய்ந்துகொண்டிருந்தது.

மாயழகு அவள் பக்கம் பாய்ந்தார். "கிறுக்கி! அவர வாயத் தொறக்காதன்னுட்டு நீ எதுக்குத் தொறந்த? இன்னும் பத்து நொடி! பத்தே நொடி!"

"நான் பேசல."

"பேசலயா? என் காதால கேட்டேன். ஒங்குரல்தான! எனக்கு முப்பதாவது நொடியில கேட்டதும் இதே..."

அவர் நிறுத்தினார். வளைவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பித்தளை வட்டத்தில் சங்கரலிங்கம் மறுபடி நடுங்கத் தொடங்கியிருந்தான்.

கேள்வி கேட்கும் குரலை மட்டும் மாற்றியிருந்தார்கள். வழியனுப்புவதை மாற்றவில்லை.

பதினொரு வருஷத்துக்கு முன் சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம். ஏதோ உல்லாச விடுதியின் வாசல் கதவுக்கு என்றுதான் சொன்னார்கள். தமிழர்கள் போகும்போது என்ன சொல்வார்கள் என்று கேட்டார் பொறியாளர். போயிட்டு வாரேன் என்பார்கள் என்றாள். நிஜமாகவே வருவார்களா என்றார். வராமல் எப்படி என்று சிரித்தாள். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு, கடைசி வரியில் இன்னும் கொஞ்சம் பாசம் வேண்டும், வீட்டில் யாரையாவது மனதில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள் என்றார்.

பூங்கோதை அண்ணனை நினைத்துக்கொண்டு சொன்னாள்.