தலையில் வைத்த கை

கிரிதரன் கதவுக் குமிழை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்து, இடது சப்பாத்துக் காலை நிலைச்சட்டத்தில் முட்டுக் கொடுத்து, உடம்பின் பாரம் முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்துக்கொண்டிருந்தான். அறைக்குள்ளே நின்று இன்னொருவர் அதே கதவைத் தன் பக்கம் இழுத்தார். சற்று முன்புவரை தண்ணீர்க் கோப்பையைத் தூக்கவே சீவனில்லாமல் கட்டிலில் கிடந்த மனிதர். அவருக்கு எங்கிருந்து வந்தது இந்தப் பலம்?

கிரிதரனின் கைகளுக்கு மேலே எல்டர் லார்சனின் பெரிய கைகள் இருந்தன. அமெரிக்காவின் ஐடஹோவில் உருளைக்கிழங்கு மூட்டை தூக்கி வளர்ந்த கைகள். அவை மட்டும் இல்லாவிட்டால் கதவு எப்போதோ திறந்திருக்கும்.

ஆனால் ஏதோ ஒன்று சரியில்லை. லார்சன் பேசவில்லை.

லார்சனின் வாய் ஓய்ந்து கிரிதரன் பார்த்ததே கிடையாது. பஸ்ஸுக்கு நிற்கும்போது பாடுவான். பல் துலக்கிக்கொண்டே கதை சொல்லுவான். தூக்கத்தில் மாடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். கால்விரலைக் கதிரையில் இடித்துக்கொண்டாலும் கெட்ட வார்த்தை வந்துவிடக் கூடாதென்று "ஓ மை ஹெக்!" என்றுதான் கத்துவான். அப்படிப்பட்டவன் இப்போது கிரிதரனின் பிடரிக்குப் பின்னால் நின்று, மூக்கால் மெதுவாக, ஒரே சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அது பயந்தவன் விடுகிற மூச்சு இல்லை. வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தவன் விடுகிற மூச்சு.

"லார்சன், ஏதாவது சொல்லு" என்று ஆங்கிலத்தில் கெஞ்சினான் கிரிதரன்.

அதே மூச்சு மட்டும்.

அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு டிசம்பர். இருவரும் மோர்மன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ சபையின் மிஷனரிகள். எல்டர் என்றால் மூத்தவர் என்று அர்த்தம். மூத்தவர்கள் இருவருக்கும் இருபது வயது. வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, நெஞ்சில் கறுப்புப் பெயர்த்தகடு. யாழ்ப்பாணத்திலிருந்து சின்ன வயதில் ரொறன்ரோ போய், பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்களோடு சபையில் சேர்ந்து, அதனால் தகப்பனோடு பேச்சு அறுந்து, லண்டனுக்கு ஊழியத்துக்கு வந்தவன் கிரிதரன். தகட்டில் அவன் பெயர் எல்டர் ஞானரட்ணம். அது லார்சனின் வாயில் நுழையவில்லை. ஆங்கில முதலெழுத்தை மட்டும் வைத்து "எல்டர் ஜி" என்று சுருக்கிக்கொண்டான். உலகத்தில் வேறு யாரும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஊழியத்தில் சட்டங்கள் பல. எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், கூட்டாளியை விட்டுப் பிரியக் கூடாது. அவன் கண்ணில் படுகிற தூரத்திலேயே எப்போதும் இருக்கவேண்டும். பெண் தனியே இருக்கும் வீட்டுக்குள் போகக் கூடாது என்பது இன்னொரு சட்டம்.

அன்றைக்குத் தென் லண்டனின் மிட்சம் என்ற பகுதியில் அவர்களை உள்ளே கூப்பிட ஒரு நாதியும் இல்லை. பின்னேரம் முழுக்க மழை. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்து விட்டார்கள். இன்னொரு வீட்டின் மேல் யன்னலிலிருந்து தேத்தண்ணிச் சக்கை வந்து லார்சனின் தோளில் விழுந்தது. மூலைக்கடைக்காரர் தமிழர், கிரிதரனை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த ஊர் தம்பி?"

"இணுவில்."

"இணுவிலில சைவம் முடிஞ்சு போச்சோ? வெள்ளைக்காரன்ர வேதத்தை எங்களுக்கு விக்க வந்திட்டீர். உது ஆர் பின்னால நிக்கிறது? பொடிகார்டோ?"

கடைக்குள் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். விஷயம் விளங்காமல் லார்சனும் சேர்ந்து சிரித்தான். வெளியே வந்தபோது தெருவிளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. நாலு மணிக்கே கும்மிருட்டு.

அடுத்த தெருவின் கடைசி வீடு. கிரிதரன் கதவில் தட்டக் கை ஓங்கியபோது கதவு தானாகத் திறந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பெயர் கனகாம்பிகை என்றாள். மெலிந்த உருவம், சேலைக்கு மேலே ஆண்கள் போடுகிற கம்பளிச் சட்டை. பெயர்த்தகட்டை வாசித்தாள்.

"எங்கட ஆளோ? வாரும் தம்பி, உள்ளுக்கு வாரும். உந்த நனைஞ்ச பொடியனையும் கூட்டிக்கொண்டு வாரும்."

"அன்ரி, வீட்டில ஆம்பிளையள் ஆரும் இருக்கினமோ? இல்லாட்டி நாங்கள் உள்ளுக்கு வரப்படாது."

அவள் சிரித்தாள். "என்ர மனுசன் தில்லையம்பலம் மேல படுத்த படுக்கையாக் கிடக்கிறார். அது ஆம்பிளைக் கணக்கில வருமோ, வராதோ?"

கிரிதரன் மொழிபெயர்த்தான். வரும், தாராளமாக வரும் என்றான் லார்சன். அவனுடைய சப்பாத்துக்குள் தண்ணீர் சலசலத்தது. இருவரும் உள்ளே போனார்கள்.

கதவைச் சாத்திவிட்டு அவள் கேட்டாள்: "நீங்கள் வருத்தக்காரருக்குத் தலையில கை வைச்சுச் செபிப்பியளாம். மெய்தானோ?"

லண்டனுக்கு வந்த நாளிலிருந்து யாரும் கேட்டிராத கேள்வி அது. லார்சனின் முகம் மலர்ந்தது. சாவிக்கொத்தில் தொங்கிய சின்ன எண்ணெய்க் குப்பியை எடுத்துக் காட்டினான். ஆசீர்வதித்த ஒலிவ எண்ணெய். ஒருவர் ஒரு துளி எண்ணெயை உச்சியில் வைத்து நோயாளியின் பெயரைச் சொல்லிச் செபிப்பார், பிறகு இருவரும் சேர்ந்து தலையில் கை வைப்பார்கள். அதுதான் முறை.

"முதல்ல வெள்ளைக்காரப் பொடியன் வைக்கட்டும். நீர் பிறகு வையும்" என்றாள்.

வெள்ளைத் தோலைக் கண்டால் எங்கள் சனம் இப்படித்தான் என்று எண்ணிக்கொண்டே கிரிதரன் படியேறினான்.

மேல் அறையின் யன்னல் கண்ணாடிகளைப் பழைய பேப்பர் ஒட்டி மறைத்திருந்தார்கள். வாயு ஹீட்டரின் சூடும், ஈரக் கம்பளத்தின் நெடியும், கனகாலம் தண்ணீர் படாத உடம்பின் புளித்த வாடையும், அதற்கும் அடியில் செத்த எலியின் நாற்றம் போல மெல்லிய ஏதோ ஒன்றும் சேர்ந்து தொண்டைக்குள் இறங்கின. கட்டிலில் போர்வைக்கு வெளியே ஒரு தலை மட்டும் தெரிந்தது. உலர்ந்த தலை. கண்கள் மட்டும் ஈரமாக, விழிப்பாக, லார்சனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அவருக்கு இங்கிலீசு ஒரு சொல்லும் தெரியாது. கவுன்சில் ஆக்கள் வந்தாலும் நான்தான் கதைக்கிறது" என்று சொல்லிவிட்டுக் கனகாம்பிகை கீழே இறங்கிப் போனாள்.

லார்சன் எண்ணெய் வைத்தான். இரண்டு உள்ளங்கைகளையும் அந்த உச்சியில் வைத்துக் கண்ணை மூடினான். "தி... தில்லாம்பாலாம்" என்று திக்கினான். கிரிதரன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான்.

போர்வைக்குள்ளிருந்து இரண்டு கைகள் எழுந்தன. லார்சனின் மணிக்கட்டுகளைப் பிடித்தன.

கிழவரின் வாய் திறந்தது. லார்சனின் வாயும் திறந்தது. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே அளவுக்கு. சத்தமே இல்லை. ஹீட்டரின் சீறல் மட்டும். பிறகு கிழவர் அலறத் தொடங்கினார். கிரிதரன் லார்சனின் கோட்டைப் பிடித்து வெளியே இழுத்தெறிந்து, கதவைச் சாத்தி, குமிழைப் பிடித்துக்கொண்டான்.

அவ்வளவுதான் நடந்தது.

இப்போது உள்ளே அலறல் தணிந்து, இருமலாகி, இருமலுக்கு நடுவே சொற்கள் வரத் தொடங்கின. கட்டைக் குரல். சளி அடைத்த குரல். ஆனால் சொற்கள் ஆங்கிலம்.

"கதவைத் திற. தயவுசெய்து. என் கைக்கு என்ன நடந்தது? என் கையைப் பார். இது என் கை இல்லை."

கிரிதரன் கதவின் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"நான்தான், எல்டர் ஜி. ஓ மை ஹெக். ஓ மை ஹெக். எல்டர் ஜி, என்னை விட்டுவிட்டுப் போகாதே."

அழுகை. கிழட்டுத் தொண்டையிலிருந்து இருபது வயதுப் பையனின் அழுகை.

கிரிதரன் குமிழை விடப் பார்த்தான். முடியவில்லை. மேலே இருந்த பெரிய கைகள் விடவில்லை. பின்னாலிருந்த மூச்சு அவன் காதுக்கு நெருங்கியது. பிறகு, முதல் தடவையாக, அது பேசியது. லார்சனின் குரல். நல்ல யாழ்ப்பாணத் தமிழ்.

"கனகம், கெதியா வா. பொடியன் கதவை விடப் பாக்கிறான்."

படிக்கட்டு கிறீச்சிட்டது. கனகாம்பிகை ஏறி வந்தாள். கம்பளிச் சட்டையைக் கழற்றியிருந்தாள். கொண்டையை அவிழ்த்திருந்தாள். உச்சியில் தாராளமாக எண்ணெய் வைத்திருந்தாள். அது நெற்றியில் வழிந்தது.

"பயப்பிடாதையும் தம்பி. உம்மட சிநேகிதன் உள்ளுக்குப் பத்திரமா இருக்கிறார். ஆனால் அந்த உடம்பில கன நேரம் தனியக் கிடக்க ஏலாது. இருட்டுக்குள்ள துணையில்லாமல் துடிச்சுப்போடுவார்."

"என்ன செய்தனீங்கள்? அவனை விடுங்கோ!"

"விடுவம். ஆர் விடமாட்டம் எண்டது? நீர் என்ர தலையில கை வைச்சு எனக்காக ஒரு செபம் சொல்லும். அவ்வளவுதான். கதவைத் திறந்துவிடுறன். பிறகு நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே இருக்கலாம்."

"மாட்டன்."

"அப்ப போம்."

அவள் கண்காட்டினாள். பெரிய கைகள் அவன் கைகளை விட்டன. குமிழைத் தாங்களே பிடித்துக்கொண்டன. படிக்கட்டு வெறுமையாகக் கிடந்தது. அடியில் வாசல் கதவு, கண்ணாடிக்கு வெளியே தெருவிளக்கின் மஞ்சள். மழைச் சத்தம். யாரும் அவனைத் தடுக்கவில்லை.

"பிடிச்சு வைச்சால் சரிவராது தம்பி" என்றாள் மெதுவாக. "தாங்களா மனம் வைச்சுத் தொடவேணும். எத்தினை வருசம் யன்னலால பாத்துக்கொண்டிருந்தனாங்கள், தெரியுமோ? டொக்டர் கையுறை போட்டுக்கொண்டு தொடுறார். ஐயர் விபூதியைத் தூர நிண்டு போடுறார். ஆர் இப்ப மனமார ஒருத்தரைத் தொடுகினம்? நீங்கள்தான்."

கிரிதரன் ஒரு படி இறங்கினான். இன்னொரு படி.

"எல்டர் ஜி? இருக்கிறாயா?"

ஓடினால் தப்பலாம். பொலிஸுக்குப் போகலாம். போய் என்ன சொல்வது? லார்சன்தான் லார்சனின் உடம்போடு இங்கே நிற்கிறானே. உள்ளே கிடப்பது, பார்க்கிறவர்களுக்கு, புத்தி பேதலித்த ஒரு வருத்தக்காரக் கிழவர். யார் நம்புவார்கள்?

"இருட்டாக இருக்கிறது, எல்டர் ஜி."

நின்றான். தெருவிளக்கைப் பார்த்தான். திரும்பி ஏறினான்.

கனகாம்பிகை மேல்படியில் முழந்தாளிட்டுக் குனிந்தாள். அவன் உள்ளங்கைகளை அவள் உச்சியில் வைத்தான். எண்ணெய் சூடாக இருந்தது. தலை அதைவிடச் சூடு. செபத்தின் முதல் வரி ஞாபகம் வந்தது. அவள் பெயரைச் சொன்னான். முழுப் பெயரையும்.

மணிக்கட்டுகளில் பிடி விழுந்தது.

வாய் திறந்தது.

முழங்கால் வலித்தது. அதுதான் முதலில். எலும்புக்குள் குடையும் வலி. பிறகு நெற்றியில் வழியும் எண்ணெய். பிறகு தோளிலும் முகத்திலும் ஒட்டிக்கொண்ட நீள மயிர். கிரிதரன் தலையை நிமிர்த்தினான்.

அவனுக்கு மேலே ஒரு தமிழ்ப் பொடியன் நின்றான். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி. தன் விரல்களை விரித்தும் மடக்கியும் பார்த்துக்கொண்டிருந்தான். தன் கன்னத்தைத் தடவினான். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பொடியனிடம் திரும்பினான்.

"எப்பிடி இருக்கிறன்?"

"வடிவா இருக்கிறாய், கனகம்."

"சும்மா போங்கோ. ஆம்பிளைப் பொடியனைப் பாத்து..."

"ஒரு உடம்பு கிடைச்சாப்போல காணாது எண்டுதானே இவ்வளவு நாளும் பொறுத்தனாங்கள். உன்னை விட்டிட்டு நான் எங்க போறது?"

இருவரும் சிரித்தார்கள். புதுமாப்பிள்ளையும் பொம்பிளையும் போல. சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்கள். கதவுக் குமிழை விட்டார்கள். ஒருவர் கழுத்துப்பட்டியை மற்றவர் நேராக்கினார். பிறகு படியிறங்கி, ஒருவர் பின் ஒருவராக மழைக்குள் போனார்கள். வாசல் கதவு சாத்தப்பட்டது. வெளியே சாவி திரும்பியது.

கிரிதரனால் எழும்ப முடியவில்லை.

திறந்த அறையின் இருட்டுக்குள்ளிருந்து ஒரு உலர்ந்த கை தவழ்ந்து வந்தது. கம்பளத்தைத் தடவியது. சேலைத் தலைப்பைத் தடவியது. வளையல் போட்ட ஒரு மெலிந்த கையைக் கண்டுபிடித்து இறுகப் பற்றியது.

"எல்டர் ஜி?"

கிரிதரன் வாயைத் திறந்தான். கனகாம்பிகையின் குரல் வந்தது.