சாம்பிராணி போன வழி

"ஜன்னல்ல ஒரு பொட்டி வச்சா போதும்னு சொல்லிக்கினே இருக்கறேன், நீ என்னடான்னா..."

"பொட்டி உங்க ரூம்ல இருக்கும். நாங்க இந்தாண்ட வெந்துகினு கெடக்கணும், அப்படித்தானேண்ணே?"

"நான் பேசி முடிக்கறதுக்குள்ள..."

"முடிச்சு என்னா ஆவப்போவுது? வூடு பூரா தகரக் குழாய் போட்டா, எல்லாருக்கும் ஜில்லுனு..."

அப்பா தாண்டவராயனும் சித்தப்பா சீனுவாசனும் சோற்றை மறந்துவிட்டுச் சண்டை போட்டார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த அம்சா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குக் கழுத்து வலித்தது.

எல்லாம் சித்தப்பாவுக்கும் தையல்நாயகிச் சித்திக்கும் பிறந்த குழந்தையால் வந்தது. பாவம், அவன் என்ன செய்வான்? திண்டிவனத்தில் அந்தச் சித்திரை அப்படிக் கொளுத்தியது. உடம்பெல்லாம் வேர்க்குரு. குளிர்ச்சியான இடத்தில் வைத்திருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வருஷம் மல்லாட்டை நன்றாக விளைந்திருந்தது, அவர்களுடைய நிலக்கடலை மண்டியிலும் நல்ல வியாபாரம். சரி, ஒரு ஏசி வாங்கிவிடலாம் என்று அண்ணனும் தம்பியும் கிளம்பி விழுப்புரம் போய் விசாரித்தார்கள். தெருவிலேயே முதல் ஏசி! அம்சா எல்லார் வீட்டிலும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

விழுப்புரம் கடைக்காரர் முருகையன் இரண்டு விதம் இருப்பதாகச் சொன்னார். ஜன்னலில் பொருத்தும் பெட்டி ஓர் அறையை மட்டும் குளிர வைக்கும். இன்னொன்றில் பெரிய இயந்திரம் வெளியே இருக்கும். தகரக் குழாய் வழியாக எல்லா அறைக்கும் குளிர்காற்று போகும், சினிமாக் கொட்டகையில் வருவதுபோல. எது என்று பேசி வையுங்கள், சனிக்கிழமை வந்து அளவெடுக்கிறேன் என்றார்.

பேசத்தான் பேசினார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை பேசினார்கள்.

கடைசியில் சித்தப்பா கையை உதறிக்கொண்டு எழுந்தார். "ஒத்துவராதுன்னா விடுங்கண்ணே. தையலும் கொழந்தையும் திருவெண்ணெய்நல்லூருக்கே போவட்டும். அவங்க அம்மா வூட்டுல ஆத்துக் காத்தாவது வரும்."

அம்சா கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டாள். தம்பிப் பாப்பா அவளுடைய விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். அங்கே யார் விரலைப் பிடிப்பான்?

சாயங்காலம் அம்மா கோவிந்தம்மாள் தூபக்காலில் நெருப்பைப் போட்டு அவளிடம் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டுவது அம்சாவின் வேலை. அப்பாவின் அறைக்குப் போனாள். புகை நேராக மேலே போய், ஓட்டுக்கு நடுவே நுழைந்து காணாமல் போனது. சித்தப்பாவின் அறைக்கும் ஓடுதான். அங்கேயும் அப்படியே.

கொல்லைப் பக்கம் மல்லாட்டை மூட்டை அடுக்கும் அறை. மழை இறங்கக் கூடாது என்று அதற்கு மட்டும் சிமெண்டுத் தளம் போட்டிருந்தார்கள். அங்கே புகைக்குப் போக வழியில்லை. சுற்றிச் சுற்றி வந்தது. அம்சா தும்மித் தும்மிக் களைத்தாள். தும்மிக்கொண்டே யோசித்தாள்.

சட்டென்று கதவைச் சாத்திவிட்டு அம்மாவிடம் ஓடி, காதில் ஏதோ சொன்னாள். அம்மா சிரித்துவிட்டு, ஒரு கை தேங்காய் நாரும் இன்னொரு தூபக்காலும் எடுத்துக் கொடுத்தாள். தையல்நாயகிச் சித்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அம்சா அப்பாவின் அறையில் ஒன்று, சித்தப்பாவின் அறையில் ஒன்று என்று புகையப் புகைய வைத்துக் கதவுகளைச் சாத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு வீரம்மாளின் குரல் மண்டிவரை கேட்டது. "ஏ தாண்டவராயா, ஜல்தியா வாய்யா, உங்க வூட்டு ஓடெல்லாம் புகையுது!"

அண்ணனும் தம்பியும் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். வீரம்மாள் குடத்தோடு ஓடிவந்தாள். அவள் வீசிய தண்ணீர் கூரைக்குப் போகவில்லை. முழுக்கச் சித்தப்பாவின் மேல் விழுந்தது.

"தீ இல்ல சித்தப்பா, சாம்பிராணி," என்றாள் அம்சா. "மேல பாருங்க. அப்பா ரூம்லேருந்தும் போவுது, உங்க ரூம்லேருந்தும் போவுது. பொட்டி வச்சாலும் குழாய் போட்டாலும் குளிரும் இப்படித்தான போவும்?"

இரண்டு பேரும் வாயைத் திறந்தபடி மேலே பார்த்தார்கள். இரண்டு கூரையின் புகையும் மேலே ஒன்றாகக் கலந்து போய்க்கொண்டிருந்தது.

"தெருவுக்கே ஏசி போட்டுருப்போம்டா சீனு," என்றார் அப்பா மெதுவாக.

அம்சா அவர்களை இழுத்துக்கொண்டு போய் மூட்டை அறையின் கதவைத் திறந்தாள். அவள் எப்போதோ காட்டிய புகை இன்னும் அங்கேயே நின்றது.

"இது அப்பா ரூமும் இல்ல, உங்க ரூமும் இல்ல. இங்க ஒரு பொட்டி வச்சா எல்லாருமே படுத்துக்கலாம்," என்றாள்.

மறுபடியும் சண்டை தொடங்கியது. மூட்டைகளை என் அறையில் போடு என்றார் அப்பா. அதெப்படி, என் அறைக்குத்தான் வர வேண்டும் என்றார் சித்தப்பா. இந்தச் சண்டையை அம்சா சிரித்துக்கொண்டே பார்த்தாள். மறுநாள் வந்த முருகையனும் இந்த அறைக்கு ஜன்னல் பெட்டிதான் சரி என்று நாடாவை விரித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்டி 'டர்ர்ர்' என்று ஓடத் தொடங்கியது. கூடத்து விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது. அறைக்குள் குளிர்ந்த மல்லாட்டை வாசனை. ஒரே பாயில் வரிசையாகப் படுத்தார்கள். ஏசி பார்க்க வந்த வீரம்மாளும் ஒரு ஓரமாகப் படுத்துக்கொண்டாள். தம்பிப் பாப்பா அம்சாவின் விரலைப் பிடித்தபடி தூங்கிவிட்டான்.

அப்போதுதான் சித்தப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"அண்ணே, கதவு தொறந்துகினு கெடக்குது. யாரு எழுந்து போயி சாத்தறது?"