இறக்கை மீன் விழுந்த பகல்

ஓய்வு பெற்ற ஏட்டு வீரபத்திரன் வாசலில் குந்தி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த புதன்கிழமை காலையில் ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். கும்பிடவில்லை, அழவுமில்லை. அழுகிற ஆளை வீரபத்திரன் நம்புவதில்லை. அழாத ஆளையும் அவ்வளவாக நம்புவதில்லை.

"ஏட்டையா, நான் ரஞ்சிதம். முந்தாநேத்து பினாங்குலேர்ந்து வந்தவ. இன்னிக்குச் சாயந்திரம் என் வூட்டுக்காரரைப் போலீசுலே புடிச்சுக் குடுக்கப் போறாங்க."

"இன்னா திருடினான்?"

"ஒண்ணியும் திருடலீங்க."

"எல்லாரும் அதான் சொல்லுவாங்க. குந்து. சொல்லு."

அவள் சொன்னாள். ஜவுளிக்கடை தணிகாசலத்தின் அண்ணன் பினாங்கிலே, ஜப்பான்காரன் காலத்திலே, செத்துப்போனான். சாகும் முன்னே ஒரு சாண் நீளத்துக்குத் தங்கவேல் செய்து, தணிகை மலையில் சேர்த்துவிடும்படி ரஞ்சிதத்தின் புருஷன் கோதண்டபாணியிடம் கொடுத்தான். யுத்தம் முடிந்து, கப்பல் விட்டு, இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில்தான் ஊர் திரும்ப முடிந்தது. வேல் ஒரு சின்னத் தேக்குப் பெட்டியில். பெட்டிக்குப் பூட்டு. சாவி கோதண்டபாணியின் அரைஞாண் கயிற்றில். நேற்றுக் காலை தணிகாசலத்தின் வீட்டில் பத்துப் பேர் நடுவே திறந்தால், வேல் இல்லை. கந்தல் துணியில் சுற்றிய ஒரு இரும்பு வளையம் இருந்தது.

"பூட்டு உடைஞ்சிருந்ததா?"

"இல்லீங்க."

"அப்போ உன் புருஷன்தான்."

ரஞ்சிதம் முறைத்தாள். "அதைச் சொல்றதுக்கு ஊரே இருக்குது. உங்ககிட்டே எதுக்கு வரணும்?"

வீரபத்திரனுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"கப்பல்லே பெட்டி எங்கே இருந்தது?"

"அவுரு படுக்கிற பலகைக்குக் கீழே. தெனம் நான் தூக்கிவெச்சுக் கற்பூரம் காட்டிட்டு அதே எடத்துலே வெச்சுடுவேன். கனத்துலே ஒரு வித்தியாசமும் தெரியலே."

"கப்பல்லே என்னிக்காவது நீங்க ரெண்டு பேரும் அறையை வுட்டுப் போனீங்களா?"

அவள் முகம் கொஞ்சம் இளகியது. "ஒரு நாள், ஏட்டையா. கிருத்திகை அன்னிக்கு. பினாங்கு சிநேகிதக்காரங்க ரெண்டாங்கிளாசு அறை எடுத்துக் குடுத்திருந்தாங்க. கப்பல்காரங்க மேல்தட்டுலே கான்வாசு நாற்காலி போட்டு ராசா ராணி கணக்கா குந்த வெச்சாங்க. கல்யாணமாகிப் பதினாறு வருசத்துலே வேலை இல்லாம குந்தினது அன்னிக்குத்தான். ஒரு கரை இல்லே, ஒரு மரம் இல்லே, எங்கே பார்த்தாலும் தண்ணி. சோழி வெச்சுத் தாயம் ஆடினோம். றெக்கை முளைச்ச மீனு கூட்டம் கூட்டமா பறந்து வந்து தட்டுலே வுழுந்துச்சு. கப்பல் வேலைக்காரக் கலாசிங்க கூடை கூடையா பொறுக்கிக்கினு பின்பக்கம் போனாங்க. உச்சி வேளையிலே நான் கண்ணை மூடினேன். அவுரு காத்தாட நடந்துட்டு வரேன்னு போயிட்டு, தலைக்கு ஊத்திக்கினு வந்தாரு."

"காலையிலே குளிக்கலையா?"

"குளிச்சாரு. வெயில் தாங்கலேன்னு மறுபடி. உப்புத்தண்ணி, தலை தேங்காநாரு மாதிரி ஆயிப்போச்சு. சாயந்திரம் விபூதி நீட்டினேன், சளி புடிச்சிருக்குது நீயே வெச்சுக்கோன்னுட்டாரு."

"கிருத்திகைன்னியே. இன்னா சாப்பிட்டீங்க?"

"பச்சைத் தண்ணிதான். அவுரு காய்ச்சல்லே கெடந்தப்ப வேண்டிக்கினேன். இந்த வேலு மலையேற வரைக்கும் ரெண்டு பேரும் கிருத்திகைக்குத் தண்ணிதான்னு. நாலு வருசமா ஒரு மாசம் தவறலே."

"இப்போ உன் புருஷன் இன்னா சொல்றான்?"

"வேலைப் பத்தி வாயே தொறக்க மாட்டேங்கறாரு. கொடையைக் காணோம், கொடையைக் காணோம்னு அதையே சொல்லிக்கினு இருக்காரு. தலைக்கு மேலே கத்தி தொங்குது, இந்த மனுஷனுக்குப் பழங்கொடை!"

வீரபத்திரன் கடலையைக் கீழே வைத்தார்.

தெருவில் போன குதிரைவண்டியைக் கைதட்டி நிறுத்தி, ரஞ்சிதத்தோடு ஏறிக்கொண்டார். ரசூலின் வண்டி. சவாரியைவிட ஏட்டோடு சேர்ந்து துப்புத் துலக்குவதில்தான் ரசூலுக்கு ஆசை அதிகம். தணிகாசலம் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பின்னால் திரும்பியே பேசிக்கொண்டு வந்தான்.

"கப்பல் கலாசிதான் ஏட்டையா. எழுதி வெச்சுக்கோங்க. கள்ளச்சாவி போட்டிருப்பான்."

"முன்னாடி பார்த்து ஓட்டுடா. இன்னாடா வண்டி இது, தொடையிலே குத்துது?"

"பாய்க்குக் கீழே பில்லு, ஏட்டையா. சோளத்தட்டை கலந்திருக்கும். வெள்ளிக்கிழமைதான் பில்லு மாத்துவேன். ரெண்டு நாளா எல்லாரும் இதையேதான் சொல்லிக்கினு இருக்காங்க. நேத்து தணிகாசலம் முதலாளியும் குத்துதுன்னு அரையணா குறைச்சுக்கினாரு."

"இவங்களை ரயில் ஸ்டேஷன்லேர்ந்து இட்டுக்கினு வந்தது நீதானா?"

"ஆங், நான்தான். கொடையைக் கேட்டுக்கினு இந்தம்மா வூட்டுக்காரரு ரெண்டு வாட்டி வந்தாரு. பாய் மேலே பார்த்தேன், இல்லைன்னுட்டேன்."

வீரபத்திரன் பாயைக் கையால் ஒரு தரம் அழுத்திப் பார்த்தார். உட்கார்ந்த இடத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டார்.

தணிகாசலம் வீட்டுக் கூடத்தில் கோதண்டபாணி சுவரில் சாய்ந்து கிடந்தான். ரெண்டு நாளாகச் சோறு தண்ணி இல்லாத முகம். பெட்டி நடுவில் இருந்தது. இரும்பு வளையத்தை வீரபத்திரன் கையில் தூக்கிப் பார்த்தார்; கப்பல் சங்கிலியின் ஒற்றைக் கண்ணி. கந்தல் நாலு சுற்று சுற்றியிருந்தது, பெட்டியை ஆட்டினாலும் சத்தம் வராதபடி.

"எங்க அண்ணன் உசுரு போறப்ப கேட்டது இது ஒண்ணுதான்," என்றார் தணிகாசலம். "இவனை நம்பித்தானே குடுத்தான்? நீங்க பார்த்தாச்சுன்னா நான் போலீசு ஸ்டேஷனுக்குப் போறேன்."

"கொஞ்சம் இரு, தணிகாசலம். நான் மூணாங்கிளாசுதான் படிச்சவன், மெதுவாத்தான் சொல்ல வரும்." வீரபத்திரன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "பூட்டு உடையலே. சாவி இவன் அரையிலே. அதனாலே பொட்டியைத் தொறந்தது இவன்தான்."

ரஞ்சிதம் வாயைத் திறந்தாள். வீரபத்திரன் கையைக் காட்டினார்.

"ஆனா திருடினவன் பொட்டியைச் சுமந்துக்கினு வந்து பத்துப் பேர் எதிரே வெப்பானா? சுத்தியும் கடலு. பொட்டியைத் தூக்கித் தண்ணியிலே போட்டுட்டு, காணோம்னு ஒப்பாரி வெச்சா எவன் கேக்கப் போறான்? அப்போ இவனுக்கு வேலை மறுபடி பொட்டியிலே வெக்கற எண்ணம் இருந்திருக்குது. நடுவுலே யாரையோ ஏமாத்தணும். இரும்பை அதே கனத்துக்குப் பார்த்து வெச்சிருக்கான். பொட்டியைத் தெனம் தூக்கறது யாரு? பொண்டாட்டி."

"என்னை எதுக்கு ஏமாத்தணும்?" என்றாள் ரஞ்சிதம்.

"அதுக்குத்தான் வரேன். கிருத்திகை அன்னிக்கு ரெண்டாந்தரம் தலைக்கு ஊத்திக்கினான். உன் கையாலே விபூதி வாங்கலே. நம்ம பக்கத்துலே ஒரு ஆம்பளை இந்த ரெண்டையும் எப்போ செய்வான்? கவிச்சி தின்னா செய்வான். கலாசிங்க கூடை கூடையா மீனைப் பொறுக்கிக்கினு பின்பக்கம் எதுக்குப் போனாங்க? பூசைக்கா?"

கோதண்டபாணி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

"மீனைத் தின்னுட்டு, வேலுக்கு மேலே பலகை போட்டு எப்படிப் படுப்பான்? பொட்டியை வேற எடத்துலே வெச்சா பொண்டாட்டி ஏன்னு கேப்பா. அதனாலே உடம்பை நனைச்சுக்கினு வேலை எடுத்துட்டான். காலு படாத, தலைக்கு மேலே ஒரு எடத்துலே வெச்சான். கப்பல் அறையிலே ஆணியிலே தொங்கறது இன்னா இருக்கும்? சட்டை இருக்கும். கொடை இருக்கும். ஊருக்கு வந்து நந்தியாத்துலே நல்ல தண்ணியிலே முழுகிட்டுத் திருப்பி வெக்கலாம்னு இருந்தான். கொடை தொலைஞ்சுபோச்சு. உண்மையைச் சொன்னா மீனைச் சொல்லணும். சொல்லலேன்னா ஜெயிலு. மடையன் ஜெயிலுக்கே போலாம்னு குந்திக்கினு இருக்கான்."

கோதண்டபாணி துண்டுக்குள்ளிருந்தே சொன்னான்: "நாலு வருசமா எனக்காகப் பட்டினி கெடந்தா, ஏட்டையா. அவ மூஞ்சியைப் பார்த்து எப்படிச் சொல்லுவேன்?"

"வேலு இப்போ எங்கேய்யா?" என்று கத்தினார் தணிகாசலம்.

"ரசூலு, வண்டியிலே பாயை எடு. பில்லைக் கீழ்வரைக்கும் கிளறு."

ரசூல் ஓடினான். புல் தெருவில் பறந்தது. "யா அல்லா!" என்று ஒரு சத்தம். மூங்கில் கைப்பிடி போட்ட கறுப்புக் குடையோடு உள்ளே வந்தான். நடுவில் கயிறு கட்டியிருந்தது. வீரபத்திரன் கயிற்றை அவிழ்த்துக் கவிழ்த்தார். மஞ்சள் பட்டுத்துணி விழுந்தது. அதற்குள் வேல்.

தணிகாசலம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் பேரைச் சொல்லி அழுதார். அந்த அழுகையை வீரபத்திரனே நம்பினார்.

அழுது ஓய்ந்ததும் தணிகாசலத்துக்கு ஒன்று உறைத்தது. "ஏட்டையா... நேத்து நானும் அந்த வண்டியிலேதானே வந்தேன்?"

"நீ மட்டுமா? நான் வந்தேன். அரக்கோணம் வண்டிக்குப் போனவன் வந்தவன் எல்லாரும் அதும் மேலேதான் குந்தினோம். அவன் மீனைத் தின்னுட்டுக்கூடத் தலைக்கு மேலே வெச்சான்."

முதலில் ரசூல் சிரித்தான். அப்புறம் தணிகாசலமே மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கோதண்டபாணி மட்டும் சிரிக்காமல் பெண்டாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரஞ்சிதம் அவன் முகத்துத் துண்டை இழுத்தாள். "எத்தினி மீனு?"

"ரெண்டு."

"மொளகா அரைச்சுத் தடவியா?"

"ஆங்."

"வாசனை மேல்தட்டு வரைக்கும் வந்துச்சு. நானே எழுந்து வந்துடுவேனோன்னு பயந்துதான் கண்ணை இறுக்கி மூடிக்கினு கெடந்தேன். நீங்க போனது தெரியாதுன்னா நெனைச்சீங்க?" அவள் மூச்சை விட்டாள். "எழுந்திருங்க. ரெண்டு நாளா ஒண்ணும் துண்ணலே. போய் முழுகிட்டு வந்து மலையேறுவோம்."

எல்லாருமாக நந்தி ஆற்றுக்குக் கிளம்பினார்கள். உட்கார்ந்த பாவத்துக்குத் தணிகாசலமும் முழுகுவதாகச் சொன்னார். வேலை மஞ்சள் பட்டோடு தலைமேல் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

வீரபத்திரன் கொஞ்சம் பின்தங்கினார். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும், குடையை மறுபடி கவிழ்த்து ரெண்டு தரம் உதறிப் பார்த்தார். கப்பலில் தாயம் ஆடிய சோழிகளில் ஒன்று விழுந்தது. அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, ரஞ்சிதத்திடம் கொடுக்க நடந்தார்.